எட்டுக்கு ஒன்று

ஆறுச்சாமி முப்பத்தோரு வருஷம் ஒரு மோட்டார் பம்பு கம்பெனியில் பரிசோதனைப் பிரிவுக்குத் தலைவராக இருந்தவர். கோயமுத்தூரிலிருந்து வெளியூர் போன பம்புகளில் பாதி தன் கையால் முத்திரை வாங்கியவை என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்வார். முத்திரை வாங்கியது உண்மைதான். பரிசோதனையில்தான் சின்ன விஷயம் ஒன்று இருந்தது. எட்டுப் பம்பு வரிசையாக வந்தால் ஒன்றை மட்டும் தொட்டியில் இறக்கி ஓட்டிப் பார்ப்பார்கள். அது ஓடினால் மற்ற ஏழும் ஓடும் என்று அர்த்தம். இதற்கு அங்கே 'எட்டுக்கு ஒண்ணு' என்று பேர். அவர் ஓய்வு பெறுகிறவரை தன் பிரிவுக்கு ஒரு புகார்கூட வந்ததில்லை என்பார். புகார்களுக்கு வேறு பிரிவு இருந்தது என்பதைச் சொல்ல மாட்டார்.

அறுபத்தொரு வயதில் அவருடைய சொந்தப் பம்பு மக்கர் செய்தது. ஆஸ்பத்திரியில் ஸ்டென்ட் ஒன்றை வைத்து, ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பும்போது இதயப் பிரிவு டாக்டர் பெனாசிர் ஒரு கைப்பட்டையைக் கொடுத்தாள். பார்க்க ரப்பர் வளையல் மாதிரி இருந்தது.

"பம்பு கம்பெனியில இருந்தீங்கன்னு சொன்னீங்கல்ல சார், உங்களுக்கு ஈசியாப் புரியும். ஒரே வேகத்துல நடந்துட்டே இருந்தா இதயம் அதுக்குப் பழகிப்போய் சோம்பேறி ஆயிரும். நாலு நிமிஷம் நல்லா மூச்சு வாங்கற மாதிரி ஏறோணும். அப்புறம் மூணு நிமிஷம் மெதுவா நடந்து ஆத்திக்கோணும். மறுபடி நாலு, மறுபடி மூணு. இப்படி நாலு தடவை. வாரத்துல மூணு நாள். இதயத்துடிப்பு எதுவரைக்கும் ஏறோணும்னு பட்டைக்குத் தெரியும். ஏறலைன்னா அதிர்ந்து ஞாபகப்படுத்தும்."

"ஞாபகப்படுத்தியும் நம்ம ஏறலைன்னா?"

"ரெண்டு வாரம் பார்க்கும். அப்புறம் உங்க பேருக்கு நேரா 'ஒத்துழைக்காத நோயாளி'ன்னு விழுந்துரும். அடுத்த தடவை நெஞ்சு வலின்னு வந்தீங்கன்னா வரிசையில கடைசி. நான் போட்ட சட்டம் இல்லீங்க சார்."

சட்டம் வந்து நாலு வருஷம் ஆகியிருந்தது. தன் இதயத்தைத் தானே கவனிக்காதவனை அரசாங்கம் எதற்காகக் கவனிக்க வேண்டும் என்று சட்டசபையில் யாரோ கேட்க, பதில் சொல்ல ஒருவரும் எழுந்திருக்கவில்லையாம். அதிலிருந்து ஊரில் பேரன் பேத்தி எடுத்தவர்களெல்லாம் பூங்காவில் நாலு நிமிஷம் ஓடுவதும் மூணு நிமிஷம் தள்ளாடுவதுமாக இருந்தார்கள். நோயாளிகளுக்கு நல்லதுதான். நிஜமாகவே நல்லது, செய்தவர்களுக்கு உடம்பு தேறியது. ஆறுச்சாமிக்கு ஒரே சங்கடம், அதைச் செய்ய வேண்டியிருந்தது.

சரவணம்பட்டிப் பக்கம் எட்டு மாடிக் குடியிருப்பில் இரண்டாவது மாடி அவர் வீடு. பட்டையைக் கட்டிக்கொண்டு ஒரு நாள் காலை படியேறினார். நாலாவது மாடியில் உட்கார்ந்தார். பட்டை அதிர்ந்தது. "இருடா" என்றார். மறுபடி அதிர்ந்தது. அப்போதுதான் படி துடைக்கிற துளசிமணி பக்கெட்டும் மாப்புமாக அவரைத் தாண்டி மேலே போனாள். சற்று நேரத்தில் கீழே இறங்கித் தண்ணீர் மாற்றிக்கொண்டு மறுபடி மேலே போனாள்.

"துளசி, ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஏறி எறங்குவே?"

"எண்ணுனதில்லீங்க சார். லிப்ட்டுல பக்கெட்டு கொண்டாரக் கூடாதுன்னு செக்ரட்டரி சார் சொல்லிப்போட்டாருங்க. அதனால எல்லாமே படிதானுங்க."

துளசிமணிக்கு நாற்பத்து மூன்று வயது. ஒல்லியான உடம்பு. ஆறுச்சாமி அவளை மேலும் கீழும் பார்த்ததில் தப்பான எண்ணம் ஒன்றுமில்லை. ஓடுகிற பம்பு ஒன்றைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம்தான். "எப்படியும் ஏறத்தான் போறே. இதைக் கையில போட்டுக்கிட்டு ஏறு. அதிர்ந்தா கொஞ்சம் வேகமா ஏறு. அவ்வளவுதான், தனியா வேலை ஒண்ணும் இல்லை" என்றார்.

பட்டையை ஏமாற்ற முடியாது என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். முதல் முழுப் பயிற்சியிலேயே அது துடிப்பின் சாயலைப் படித்து வைத்துக்கொள்ளும். அப்புறம் வேறு கைக்குப் போனால் கண்டுபிடித்துவிடும். ஆறுச்சாமி முழுப் பயிற்சி ஒன்றுகூடச் செய்யாதது இங்கேதான் கைகொடுத்தது. பட்டை படித்த முதல் இதயமே துளசிமணியுடையது. அதுதான் ஆறுச்சாமி என்று அது நம்பிவிட்டது.

குடியிருப்பின் செக்ரட்டரி குழந்தைவேலு இதைப் பத்தே நாளில் கண்டுபிடித்தார். பேங்க் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர், சட்டதிட்டம் பார்க்கிறவர். ஆறுச்சாமியைத் தனியாக அழைத்து, "இது நியாயமுங்களா?" என்று கேட்டார். கேட்டுவிட்டு, பழையது பழுது என்று எழுதிக்கொடுத்து வாங்கிய தன் புதுப் பட்டையைப் பையிலிருந்து எடுத்து நீட்டினார். மாதம் முடிவதற்குள் இதே வழியில் துளசிமணியின் இரண்டு கையிலும் நாலு நாலாக எட்டுப் பட்டை ஏறிவிட்டது. ஒன்பதாவதாக ஒருவர் கேட்டு வந்தபோது ஆறுச்சாமி கறாராக மறுத்தார். "அது முறையில்லீங்க. எட்டுக்கு ஒண்ணுதான் கணக்கு."

அதிலிருந்து துளசிமணி நாலு நிமிஷம் விழுந்தடித்து ஏறுவாள், மூணு நிமிஷம் மெதுவாகத் துடைப்பாள். படிகள் ஒன்று விட்டு ஒன்று பளபளப்பாக இருந்தன. ஒரே கட்டடத்தில் எட்டு நோயாளிகள் ஒரே நேரத்தில் ஒரே வேகத்தில் ஏறுவதைப் பார்த்து, பட்டைகளைக் கவனிக்கிற மேலிடம் சந்தேகப்படவில்லை, பாராட்டியது. ஒருவருடைய இதயத்தை இன்னொருவர் இதயத்தோடு ஒப்பிடுவது அந்தரங்க மீறல் என்று சட்டம் இருந்ததால் ஒப்பிட்டுப் பார்க்க அதற்கு வழியும் இல்லை. வாசலில் 'சிறந்த கூட்டுப் பயிற்சிக் குடியிருப்பு' என்று பலகை மாட்டினார்கள். அதைத் துடைப்பதும் துளசிமணிதான்.

ஆறுச்சாமியின் மனைவி கலாமணிக்கு மட்டும் இது பிடிக்கவில்லை. "உங்க இதயம் இன்னைக்கு அஞ்சாவது மாடியில உக்காந்து மூச்சு வாங்கிட்டிருந்துதுங்க. மோர் குடுத்துட்டு வந்தேன்" என்று ஒரு நாள் சொன்னாள்.

"வெயில் காலமல்லோ" என்றார் ஆறுச்சாமி.

ஆனால் அதே வாரம் அவர் போனில் ஒரு செய்தி வந்தது. 'உங்கள் துடிப்பில் சிறு ஒழுங்கின்மை தெரிகிறது. மருத்துவரைப் பார்க்கவும்.' அவருக்குப் பகீரென்றது. அடுத்த நொடியே, அட, இது நம் இதயம் இல்லையே என்று நினைவு வந்ததும் நிம்மதியாக அழித்துவிட்டார். அடுத்த வாரமும் வந்தது, அழித்தார். மூன்றாவது வாரமும் வந்தது. மற்ற ஏழு பேருக்கும் வந்திருக்கும், அவர்களும் அழித்திருப்பார்கள். ஒரு பெண்ணின் இதயத்தைப் பற்றி எட்டுப் பெரிய மனிதர்களுக்குத் தகவல் போனது. அவளுக்குத்தான் யாரும் சொல்லவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை பத்தரை மணிக்கு ஆறுச்சாமி பப்பாளி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். போன் தானாகவே பேசியது. "ஆறுச்சாமி அவர்களே, உங்கள் இதயம் ஆபத்தான முறையில் துடிக்கிறது. படுத்துக்கொள்ளுங்கள். ஆறு நிமிடத்தில் ஆம்புலன்ஸ் வரும். பயப்பட வேண்டாம்."

கையில் பப்பாளித் துண்டோடு அவர் அப்படியே இருந்தார். மாடி மாடியாக அதே குரல் வேறு வேறு பெயர்களைச் சொல்லிக்கொண்டிருப்பது கேட்டது.

"ஐயோ, துளசிங்க" என்று கலாமணி எழுந்து ஓடினாள்.

லிப்ட் கீழே வரவில்லை, மேலே யார் யாரோ பிடித்து வைத்திருந்தார்கள். கலாமணி படியில் ஓட, ஆறுச்சாமி பின்னாலேயே ஏறினார். மூன்றாவது மாடியில் மூச்சு வாங்கியது. நாலாவதில் கண் இருட்டியது. ஸ்டென்ட் வைத்த நாளிலிருந்து அவர் ஒழுங்காகச் செய்த முதல் பயிற்சி அதுதான், பதிவு செய்யக் கையில் பட்டை இல்லை.

ஆறாவது மாடியில் படி முடிகிற இடத்தில் துளசிமணி சுவரில் சாய்ந்து கிடந்தாள். பக்கெட் கவிழ்ந்து தண்ணீர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தது. அவளைச் சுற்றி ஏழு பேரும் நின்றார்கள். குறை சொல்லக் கூடாது, ஒருவர் முகத்தில் தண்ணீர் தெளித்தார், ஒருவர் செய்தித்தாளால் விசிறினார். அவளுடைய கையில் அவர்களுடைய பட்டைகள்தான் இல்லை. பட்டையைக் கழற்றினால் உடனே போன் வரும், 'நலமா?' என்று கேட்கும். 'நலம், பட்டை நழுவிவிட்டது' என்று சொன்னால் வண்டி பாதியில் திரும்பிவிடும். ஏழு பேரும் அவளைச் சுற்றி நின்றுகொண்டு போனில் "நலம், நலம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

ஜன்னல் வழியே ஆறுச்சாமி எட்டிப் பார்த்தார். டிரைவர் இல்லாத வெள்ளை வண்டிகள் வாசல்வரை வந்து ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின. ஒன்று மட்டும் உள்ளே வந்து நின்றது.

குழந்தைவேலு அவர் முழங்கையைப் பிடித்தார். "உங்களுது ஒண்ணுதான் பாக்கி. சட்டுனு கழட்டுங்க. கொண்டுபோய் ஆபரேஷன் பண்ணிப்போட்டா அப்புறம் எல்லாரும் மாட்டுவோம். இவளுக்கு வேற ஆம்புலன்ஸ் சொல்லிக்கலாம்."

"வேற ஆம்புலன்ஸ் எப்பங்க வரும்?"

"அவ பேருல பதிவே இல்லியே" என்று முனகினார் குழந்தைவேலு. பதிவு வேண்டுமென்றால் முதலில் நோய் இருக்க வேண்டும், நோய் இருப்பதாகத் தெரிய வேண்டுமென்றால் பதிவு இருக்க வேண்டும்.

ஆறுச்சாமி குனிந்தார். அவளுடைய வலது மணிக்கட்டில் அவருடைய பட்டை விடாமல் துடித்துக்கொண்டிருந்தது. கொக்கியில் விரலை வைத்தார். உண்மையைச் சொன்னால் அவர் அதைக் கழற்றத்தான் போனார். துளசிமணி கண்ணைத் திறந்து பார்த்தாள். உதடு காய்ந்திருந்தது.

"சார், மூணு நிமிஷம் ஆயிருச்சுங்களா? இதோ எந்திரிச்சர்றனுங்க."

அவர் விரலை எடுத்துவிட்டார். லிப்ட் திறந்து சக்கரப் படுக்கை தானாக உருண்டு வந்தது. பட்டையை மோந்து பார்ப்பது போல் நின்று, "ஆறுச்சாமி, ஆண், அறுபத்தொன்று" என்று அறிவித்தது. "உடன் வருபவர் என்ன உறவு?"

"சம்சாரம்" என்றாள் கலாமணி. சொல்லிவிட்டுத் துளசிமணியின் தோளைப் பிடித்துப் படுக்கையில் ஏற்றினாள். வண்டியில் துணைக்கு ஒரே இருக்கைதான். ஆறுச்சாமி ஆட்டோ பிடித்துப் பின்னால் போனார்.

அவர் போய்ச் சேர்ந்தபோது பெனாசிர் அவசரப் பிரிவு வாசலில் கலாமணியை நிறுத்தி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். "ஆறுச்சாமி சாருக்கு எப்ப இருந்து மூக்குத்தி?"

கலாமணி கணவரைக் கையால் காட்டினாள். அவர் நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். எட்டுக்கு ஒன்று என்பதையும் சொன்னார்.

"சின்ன வயசுல மூட்டு வலியோட காய்ச்சல் வந்திருக்கும். யாரும் கவனிச்சிருக்க மாட்டாங்க" என்றாள் பெனாசிர். "அதுல ஒரு வால்வு சுருங்கிக் கெடக்குது. இந்த வால்வை வெச்சுக்கிட்டு மெதுவா நடக்கறதே பெருசு. இவங்களைத்தான் ரெண்டு மாசமா எட்டுப் பேருக்காக ஓட விட்டிருக்கீங்க. பட்டை முன்னாடியே சொல்லியிருக்குமே சார்?"

"மூணு தடவை சொல்லுச்சுங்க."

"என்ன பண்ணுனீங்க?"

"நம்ம இதயம் இல்லியேன்னு அழிச்சுப்போட்டனுங்க."

பெனாசிர் அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். "இவங்க பேருல புதுசா பதிஞ்சா நாப்பது நாள் வரிசை. நாளைக்கு வரைக்கும் தாங்குவாங்களான்னே தெரியலை. ஆறுச்சாமிங்கற பேருல விட்டா இப்பவே ஆபரேஷன் தியேட்டருக்குப் போயிரும். நீங்க ஒழுங்கா ஒத்துழைச்ச நோயாளி, முதல் வரிசை. உங்க கையெழுத்து வேணும். ஆனா என்ன ஆகும்னு தெரிஞ்சுக்குங்க. வால்வு மாத்துனது உங்களுக்குன்னு ஏறிரும். உங்க ஸ்டென்ட் கணக்கு அதோட மூடிரும். நாளைக்கு நெஞ்சைப் பிடிச்சுக்கிட்டு வந்தீங்கன்னா, புது வால்வு நல்லா வேலை செய்யுது, வாயுத் தொல்லையா இருக்கும்னு கம்ப்யூட்டர் வீட்டுக்கு அனுப்பிரும். திருத்த முடியாது. திருத்தோணும்னா நாம எல்லாரும் உண்மையைச் சொல்லோணும். சொன்னா எனக்கு வேலை போயிரும். இவங்க நெஞ்சுக்குள்ள இருக்கற வால்வு யாரோடதுன்னு கேஸ் நடக்கும்."

ஆறுச்சாமிக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. படியேறிய வலி இன்னும் நெஞ்சில் இருந்தது. கலாமணியைப் பார்த்தார். அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தாள். ஒரு லட்சம் பம்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு முத்திரை குத்திய கை, ஒரு கையெழுத்துக்கு ஐந்து நிமிஷம் எடுத்துக்கொண்டது.

"எங்கீங்க போடோணும்?" என்றார்.

போட்டு முடித்துவிட்டு ஓரமாக நின்று டீ வாங்கிக் குடித்தார். பெனாசிர் வேகமாக வந்தாள். "சார், நீங்க இப்ப தியேட்டருக்குள்ள மயக்கத்துல இருக்கீங்க. இங்க நின்னு டீ குடிக்காதீங்க, மேல கேமரா இருக்குது."

துளசிமணி பிழைத்துக்கொண்டாள். ஆறுச்சாமிக்கு ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததாகக் கேள்விப்பட்டு உறவுக்காரர்களெல்லாம் ஹார்லிக்ஸோடு வந்து பார்த்தார்கள். அவர் போர்வையைப் போர்த்திக்கொண்டு படுக்க வேண்டியதாயிற்று. வால்வுக்கான மாத்திரைகள் அவர் பெயருக்கு வந்தன, கலாமணி கொண்டுபோய்த் துளசிமணியிடம் கொடுத்தாள். அவருக்கு ஏற்கெனவே வந்துகொண்டிருந்த மாத்திரைகள் நின்றுபோயின. தெருமுனை மருந்துக் கடையில் கெஞ்சி வாங்கிக்கொண்டார். ஏழு பேரும் பட்டை பழுது என்று எழுதிக்கொடுத்துப் புதியது வாங்கினார்கள். காவலுக்கு இருக்கிற ஆள் நல்ல திடகாத்திரமாக இருப்பதாக அவர்கள் பேசிக்கொண்டதாகக் கேள்வி. லிப்டில் பக்கெட் கொண்டுபோகலாம் என்று சங்கத்தில் தனித் தீர்மானம் போட்டார் குழந்தைவேலு. மனிதாபிமானம் என்று நோட்டீசில் எழுதியிருந்தது.

மூன்றாவது மாதம் ஆறுச்சாமியின் பெயரில் புதுப் பயிற்சி வந்தது. மறுபடி நாலு நிமிஷம், மூணு நிமிஷம், ஆனால் புது வால்வுக்கு ஏற்ற வேகம். இந்தத் தடவை பட்டை யாருக்காகச் சொன்னதோ அவள் கையிலேயே இருந்தது. ஆஸ்பத்திரியில் மாட்டியது, ராத்திரி பகல் கழற்றக் கூடாதது. துளசிமணி பக்கெட் இல்லாமல் படியேறினாள். ஆறுச்சாமியும் பின்னாலேயே ஏறினார். "ஸ்டென்ட் கணக்கு மூடிப்போன உங்களுக்கு நான் எழுதித் தரக்கூடிய ஒரே மருந்து இதுதான் சார்" என்று பெனாசிர் சொல்லியிருந்தாள். பட்டை அதிர்ந்தால் துளசிமணி, "ஏறுங்க சார்" என்பாள். நின்றால், "ஆத்திக்குங்க" என்பாள். இரண்டு இதயத்துக்கும் ஒரே கடிகாரம்.

அவருக்கு உடம்பு தேறியது. எட்டாவது மாடிவரை உட்காராமல் போனார். எரிச்சலாகத்தான் இருந்தது, இத்தனை நாள் ஏன் செய்யவில்லை என்று.

"உங்களுக்கு வலி வந்துச்சுன்னா மறைக்காமச் சொல்லிப்போடுங்க சார்" என்றாள் துளசிமணி ஒரு நாள். "டாக்டரம்மா சொல்லிக் குடுத்திருக்காங்க. இந்தப் பட்டையைக் கழட்டி உங்க கையில போட்டா, துடிப்பு மாறிப்போச்சு, புது வால்வு கெட்டுப்போச்சுன்னு அது நெனைச்சுக்குமாம். ஆறே நிமிஷத்துல வண்டி வந்துருமாம். போனதுக்கப்புறம் டாக்டரம்மா பார்த்துக்குவாங்களாம்."

ஆறுச்சாமி அன்றிலிருந்து அவள் எந்த மாடியில் இருக்கிறாள் என்பதை விசாரித்து வைத்துக்கொண்டார். துளசி என்று கூப்பிட்டவர் எப்போது 'துளசிமணி, வாங்க' என்று ஆரம்பித்தார் என்று அவருக்கே தெரியவில்லை. கலாமணி கவனித்தாள், சிரித்துக்கொண்டாள்.

நேற்று எட்டாவது மாடியில் இருவரும் உட்கார்ந்து மூச்சு ஆற்றிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு எத்தனை மணிக்கு வர்றீங்க?" என்று கேட்டார் ஆறுச்சாமி.

"நாளைக்கு வர மாட்டனுங்க சார். பொள்ளாச்சியில எங்க அக்கா மவளுக்குக் கல்யாணம். ரெண்டு நாள் லீவு சொல்லியிருக்கறனுங்க."

"அந்தப் பட்டை?"

"கையிலதானுங்க இருக்கும். சும்மா கழட்டி வெச்சா கத்துமல்லோ."

பொள்ளாச்சி ஐம்பது கிலோமீட்டர். ஆறுச்சாமியின் நெஞ்சு தடதடவென்று அடித்துக்கொண்டது. காதுவரை கேட்டது அவருக்கு. கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு, "போயிட்டு வாங்க, கல்யாணமல்லோ" என்று எப்படியோ சொல்லிவிட்டார்.

சட்டைப்பையில் போன் பேசியது. "ஆறுச்சாமி அவர்களே, உங்கள் இதயம் இன்று மிகவும் அமைதியாக இருக்கிறது. வாழ்த்துகள்."